அரம் பட்ட இடத்து நுரை

காலடிப்பேட்டையில் காயலான் கடை வைத்திருந்த தவசிமுத்துவின் மனைவி இசக்கியம்மாளுக்கு, யுத்தம் முடிந்த காலத்தில் திருவொற்றியூர் வட்டாரம் முழுவதும் ஒரு பெயர் இருந்தது. ‘கை பார்க்கிற அம்மா’ என்பார்கள். இந்தப் பெயரைக் கேள்விப்பட்டு, ரேகை பார்ப்பவள் என்று எண்ணிக்கொண்டு, தன் மகளுக்குக் கல்யாண யோகம் எப்போது என்று கேட்க ஒருத்தி தண்டையார்பேட்டையிலிருந்து வந்ததுண்டு. இசக்கியம்மாள் பார்த்தது மனிதர்களின் கையை அன்று. தன் கையால் உலோகத்தை.

திசையன்விளைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தபோது அவளுக்கு உலோகம் என்றால் குத்துவிளக்கும் அரிவாளும்தான். தவசிமுத்து அப்போது ராயபுரத்தில் கருப்பட்டி விற்றுக்கொண்டிருந்தார். யுத்தம் தொடங்கித் துறைமுகத்தில் உடைசல் குவிந்ததும் அவர் தொழிலை மாற்றினார். கழித்துப்போட்ட சாமான் எல்லாம் கடைவாசலில் ஒரே குவியலாகக் கிடக்கும். அதைத் தாமிரம், பித்தளை, துத்தநாகம், ஈயம், அலுமினியம் என்று பிரித்துக் கட்டுவது இசக்கியம்மாளின் பங்காயிற்று. பிரிக்கப் பிரிக்க அவள் உள்ளங்கைக்கு ஒரு நினைவு வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு துண்டை வாங்கி, இரண்டு முறை மேலும் கீழும் அசைத்து, இன்னது என்று சொல்லிவிடுவாள். பிறகு அரத்தால் ஓரத்தில் ஓர் இழுப்பு இழுத்து, வெட்டுவாயின் நிறத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்வாள். அவள் அரம் பட்ட சரக்கை வாங்குபவர்கள் மறுபடி சோதிப்பதில்லை.

அலுமினியத்துக்கு அவள் வைத்திருந்த விதி எளியது. ஒரே பருமனுள்ள இரண்டு துண்டுகளில் எது கனம் குறைவோ அதுவே சுத்தமானது. அலுமினிய உடைசலில் கலந்து வருவது துத்தநாகமோ ஈயமோ உள்ளே மறைந்த இரும்பு ஆணியோதான். எல்லாமே அலுமினியத்தை விடக் கனம். ஆகவே லேசானது உயர்ந்தது. அந்த விதி ஒருமுறையும் பொய்த்ததில்லை. அலுமினியத்தினும் லேசான உலோகம் எதுவும் அந்தக் கடையின் வாசலுக்கு அதுவரை வந்ததில்லை என்பதே அதற்குக் காரணம். அதை அறிய அவளுக்கு வழியும் இருக்கவில்லை.

1946-இல் ராணுவத்தார் வேண்டாத சாமான்களை ஏலத்தில் தள்ளத் தொடங்கினார்கள். டிஸ்போசல் சரக்கு என்று அதற்குப் பெயர். தவசிமுத்து எடுத்த ஒரு தொகுதியில், விமானங்கள் தரையில் இறங்கும்போது உருளும் சக்கரங்களின் நடுக்குடங்கள் லாரி கொள்ளாமல் வந்து இறங்கின. மேலே பழுப்பு கலந்த மஞ்சளாக ஏதோ பூச்சு. கடைக்குப் பின்புறம் இருந்த சிறிய உலையில் வாணலி வார்க்கும் குணசேகரன்தான் அவற்றை இறக்கினான். புளியந்தோப்புக்காரன்; வாய் ஓயாதவன்.

“இன்னா யக்கா இது, ஆகாசத்துல ஓடுன சக்கரமாமே? இம்மாம் பெர்சு கீது, தூக்குனா பூசணித் தோலு மாரி கீது!”

இசக்கியம்மாள் ஒன்றை வாங்கி அசைத்துப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. “இதுதான் அசல் சரக்கு, குணசேகரா. இத்தன நாளும் நாம பாத்ததெல்லாம் கலப்படம்.”

“அப்போ இத்த உருக்கி வாணலி ஊத்துனா அதுவும் பறக்குமா?”

“பறந்தா உன் தலையிலதான் வந்து உக்காரும். பேசாம இறக்கு.”

குவியலில் இருந்த குடங்கள் எல்லாம் ஒரே வகை அல்ல. சில கொஞ்சம் கனத்தன. சில வியக்கத்தக்க விதத்தில் லேசாக இருந்தன. லேசானவற்றை அவள் தனியே எடுத்து, சம்மட்டியால் உடைக்கச் செய்து, ஒவ்வொரு துண்டிலும் தன் அரத்தை இழுத்துப் பார்த்தாள். வெள்ளி போலப் பளிச்சிட்டது. அவற்றை ஒரு சாக்கில் கட்டி, சாத்தாங்காட்டில் பெரிய உலை வைத்திருந்த பக்தவச்சலத்துக்கு அனுப்பினாள். அவர் எப்போதும் ‘கை பார்த்த சரக்கு’ மட்டுமே வாங்குபவர். சாக்கில் அடங்காமல் மிஞ்சிய ஒரேயொரு லேசான துண்டு தங்கள் சொந்த உலைக்கென்று ஒதுங்கியது.

அதை உலையில் போட்ட நாள் புதன்கிழமை என்பது தவசிமுத்துவின் சொல்; வியாழன் என்பாள் குணசேகரனின் மனைவி தாயம்மா. மறுநாள் நடந்தவற்றோடு சேர்த்துப் பார்த்தால் வியாழன்தான் பொருந்துகிறது. வெயில் சாய்கிற நேரம். உலையில் உலோகம் உருக்கும் மூசை பழுத்து, உள்ளே பழைய அலுமினியம் பாலாக உருகி நின்றது. குணசேகரன் அந்தத் துண்டைக் குறட்டால் பிடித்து உள்ளே விட்டான்.

“யக்கா, வந்து பாரேன்! மெதக்குது!”

அலுமினியம் அலுமினியத்தில் மிதக்குமா என்று இசக்கியம்மாள் யோசித்துக்கொண்டே எழுந்தாள். அவள் இரண்டடி வைப்பதற்குள் மூசையின் வாயில் ஒரு வெண்மை எழுந்தது. அதை அவள் பிற்பாடு நெருப்பு என்று சொன்னதே இல்லை. வெளிச்சம் என்றுதான் சொல்வாள். சிவப்பில்லை, மஞ்சளில்லை. சூரியனைத் துண்டு பண்ணி மூசைக்குள் வைத்தாற்போல. குணசேகரன் ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, உலைக்காரன் எவனும் செய்யக்கூடியதைச் செய்தான். கொதிக்கும் உலோகத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது. மண்ணைப் போட்டு மூட வேண்டும். அருகில் அச்சுப் பெட்டிக்காகப் பிசைந்து வைத்திருந்த வார்ப்பு மண் இருந்தது. வார்ப்பு மண்ணில் ஈரம் இருக்கும். ஈரம் இல்லாவிட்டால் அச்சு நிற்காது. அதை மண்வெட்டி நிறைய அள்ளி மூசையின் மேல் கொட்டினான்.

வெடித்த சத்தம் காலடிப்பேட்டை கோயில் வரைக்கும் கேட்டது. தவசிமுத்து பாய்ந்து வந்து அவனை இழுத்தார். அவருடைய கை முழங்கை வரை வெந்தது. குணசேகரன் முகத்தைப் பொத்திக்கொண்டு, “தீ அணைஞ்சுதா யக்கா? அணைஞ்சுதா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அணைந்திருக்கவில்லை. அது தானாக எரிந்து தீர்ந்து, வெள்ளைச் சாம்பலாயிற்று.

குணசேகரனைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுக் கணவனும் மனைவியும் திரும்பியபோது விளக்கு வைத்துவிட்டார்கள். விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் தவசிமுத்து, மண் ஈரமாக இருந்துவிட்டது, ஆள் அவசரப்பட்டுவிட்டான் என்று சொன்னார். இசக்கியம்மாள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஈர மண் எத்தனையோ தடவை மூசையில் விழுந்திருக்கிறது. சீறும், புகையும், சற்றே தெறிக்கும். இப்படி ஒருபோதும் செய்ததில்லை.

மறுநாள் காலை, பள்ளிக்கூடம் போகும் முன், பக்கத்து வீட்டு மாடியில் குடியிருந்த ஃப்ளோரா டீச்சர் கையில் ஒரு நீளமான சுருளோடு வந்தாள். ராயபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுப்பவள்.

“இசக்கியம்மா, நேத்து சாயங்காலம் ஜன்னல் வழியா ஒரு வெளிச்சம் பார்த்தேன். அந்த மாதிரி வெளிச்சம் வருஷத்துக்கு ஒரு தடவை எங்க வகுப்பிலே நாங்களே உண்டாக்குவோம். ரிப்பன் மாதிரி ஒரு சின்ன நாடாவைக் கொளுத்துவோம். அந்த உலையிலே என்ன போட்டீங்க?”

“அலுமினியம் டீச்சரம்மா. நான் கை பாத்த அலுமினியம்.”

ஃப்ளோரா சுருளைத் தரையில் விரித்தாள். பள்ளியில் கரையான் அரித்த படம். ஓரத்தில் துணி ஒட்டுவதற்காக வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். கட்டங் கட்டமாக, ஒவ்வொன்றிலும் ஓர் எண்ணும் இரண்டோர் எழுத்தும். உலகத்தில் உள்ள தனிமம் அத்தனைக்கும் இதில் ஓர் அறை உண்டு என்றாள். ஒரே வரிசையில் அடுத்தடுத்து இருந்த இரண்டு அறைகளைத் தொட்டுக் காட்டினாள். “இது பதின்மூணு, அலுமினியம். இது பன்னிரண்டு, மக்னீசியம். ரெண்டும் வெள்ளை, ரெண்டும் லேசு. மக்னீசியம் இன்னும் லேசு. விமானத்துக்குக் கனம் ஆகாது. அதனாலே சில பாகங்களை இதிலே செய்வாங்கன்னு படிச்சிருக்கேன்.”

“அலுமினியத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரியா இருந்துக்கிட்டா இந்த வேல பாத்தா?”

“பக்கத்து வீடுதான். ஆனா குணம் வேற. இது பிடிச்சு எரிய ஆரம்பிச்சா தண்ணியையே உடைச்சு, அதிலே இருக்கிற பிராணவாயுவை இழுத்துக்கும். மிச்சம் நிக்கிற வாயுவும் எரியும். மண்ணிலே ஈரம் இருந்திருக்கும், இல்லையா?”

இசக்கியம்மாள் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். ஆனால் படத்தில் இருந்தது இங்கிலீஷ். இன்னும் லேசு என்ற சொல் மட்டும் அவளுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. லேசானதை எல்லாம் பொறுக்கியது யார்? பொறுக்கி, அரம் போட்டு, உயர்ந்த சரக்கு என்று சாக்குக் கட்டி அனுப்பியது யார்? இங்கே விழுந்தது மிஞ்சிய ஒரு துண்டு. அங்கே ஒரு சாக்கு.

“டீச்சரம்மா, ரெண்டையும் எப்படிப் பிரிக்க?”

“உங்க மூட்டையிலே எது எதுன்னு இந்தப் படம் சொல்லாது. பள்ளிக்கூடத்திலேன்னா அமிலம் விட்டுப் பார்ப்போம். அலுமினியத்து மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் இருக்கு, அது காப்பாத்தும். மக்னீசியத்துத் தோல் புளிப்புக்குத் தாங்காது.”

“புளிப்புன்னா? எலுமிச்சம்பழம்?”

ஃப்ளோரா ஒரு கணம் யோசித்தாள். “அதுவும் அமிலம்தான். மெதுவா வேலை செய்யலாம். நான் செஞ்சு பார்த்ததில்லே.”

உலைக்குள் போகுமுன் துண்டிலிருந்து உடைந்து விழுந்த விரலளவு சில்லு ஒன்று மண்ணில் கிடந்தது. இசக்கியம்மாள் அடுக்களையில் இருந்த ஒரே எலுமிச்சம்பழத்தை அரிந்து அதன்மேல் பிழிந்தாள். உடைந்த முகத்தில் பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பி நுரைத்தது. பக்கத்தில் பழைய அலுமினியத் தட்டின் மேல் விட்ட சாறு சாறாகவே நின்றது.

தவசிமுத்து கட்டுப்போட்ட கையோடு வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்திருந்தார். டீச்சர் போனபின் மெதுவாகக் கேட்டார்: “இப்ப எங்க கிளம்புத?”

“சாத்தாங்காட்டுக்கு. இன்னைக்கு வெள்ளிக்கிழம. பூச போட்டு உல மூட்டுற நாளு.”

“இசக்கி, நான் சொல்லுதத கேளு. நம்ம கடையில இருக்கது இரும்பும் பித்தளையும் இல்ல, ஒன் கை. அது தப்புன்னு நீயே போயி அவன் வாசல்ல சொல்லிட்டா நாளைக்கு ஒரு பய நம்ம சரக்கத் தொடமாட்டான். ஆள விட்டுச் சொல்லிக்கிடலாம். சாக்கு மாறிப் போச்சு, திருப்பிக் குடுங்கன்னு.”

“அதுக்குள்ள போட்டுட்டா?”

அவர் கட்டுப்போட்ட கையை மறு கையால் தாங்கிக்கொண்டார்.

“போலீஸ்காரருகிட்ட குணசேகரன் மேல சொன்னிய. நான் சும்மா நின்னேன். இதுக்கும் சும்மா நிக்கச் சொல்லுதியளா?”

ரயில் பாதையைத் தாண்டி மேற்கே அவள் நடந்ததாகத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். ஓடியிருக்க வேண்டும். ஏனென்றால் பூசை முடிந்தும் முடியாமலும் இருந்தபோதே போய்ச் சேர்ந்துவிட்டாள். கற்பூரம் அணைந்துகொண்டிருந்தது. உலையின் வாய்க்கு இருபுறமும் குங்குமம் தடவிய எலுமிச்சை மூடிகள் வைத்திருந்தார்கள். பெரிய மூசை சிவந்து நின்றது. அதில் முதல் சரக்கு உருகிவிட்டிருந்தது. அவளுடைய சாக்கு அவிழ்க்கப்பட்டுக் கிடந்தது. உலைக்காரன் ஒருவன் குறட்டில் ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு மூசைக்கு நேரே போய்க்கொண்டிருந்தான்.

“போடாதே! அதப் போடாதே!”

அவன் நின்றான். பக்தவச்சலம் திரும்பிப் பார்த்தார். “இன்னா இசக்கிம்மா? உன் வூட்டாண்ட நேத்து நெருப்பாமே, கேள்விப்பட்டேன். ஆளு எப்டி கீறான்?”

“கண்ணு ரெண்டும் கட்டியிருக்கு. முதலாளி, அந்தச் சாக்கு அலுமினியம் இல்ல. அது வேற ஒண்ணு. உலையில போட்டா பிடிச்சிக்கிடும்.”

“நீ கை பாத்து குட்த்த சரக்கு. நீயே இல்லன்றே?”

“நான் பாத்ததுதான். என் கை தப்பிப் போச்சு.”

குறடு பிடித்திருந்தவன் சிரித்தான். “அல்லாம் தொயில் போட்டி, நைனா. அவங்க உலை பூட்ச்சு. நம்ம உலையும் மூடணும்னு வந்துகினு கீது.”

“நல்ல நாளும் அதுவுமா உலைய நிறுத்தினா அந்த மாசம் பூரா பேஜாருதான்,” என்றார் பக்தவச்சலம். “சும்மா வாய்ல சொன்னா எப்டிம்மா?”

இசக்கியம்மாள் கையைப் பார்த்தாள். வீட்டில் இருந்த ஒரே பழத்தையும் அங்கேயே பிழிந்து தீர்த்துவிட்டு வந்திருக்கிறாள். சட்டென்று குனிந்து, உலை வாயின் ஓரத்தில் வைத்திருந்த எலுமிச்சை மூடியை எடுத்தாள்.

“ஏய்! திருஷ்டிக்கு வெச்சத தொடாத!”

அவள் அதைச் சாக்கின் மேலாகக் கிடந்த துண்டின்மீது பிழிந்துவிட்டாள். குங்குமமும் சாறும் கலந்து ஒழுகின. பழுப்புப் பூச்சு இருந்த இடத்தில் ஒன்றும் ஆகவில்லை. சாறு வழுக்கி ஓடியது. குறட்டுக்காரன் மறுபடி சிரிக்க வாய் திறந்தான். சாறு ஓடிப்போய், அவளுடைய அரம் இழுத்த வெள்ளைக் கோட்டில் தங்கியது. அங்கே நுரை கிளம்பிற்று. முதலில் ஊசிமுனை போல. பிறகு கோடு முழுவதும் சிவந்த நுரை எழுந்து ஓரத்தில் வழிந்தது.

பக்தவச்சலம் குனிந்து பார்த்தார். “அளுக்கு இன்னாவோ ஒட்டிகினு இருக்கும். இன்னொண்ணு காட்டு.”

அவள் இன்னொன்றைக் காட்டினாள். அதன் பிறகு இன்னொன்றை. உலையின் மறுபுறத்து மூடியையும் அவரே எடுத்துக் கொடுத்தார். மூலையில் கிடந்த பழைய அலுமினியக் குண்டான் ஒன்றை அரத்தால் சுரண்டி அதன்மேல் பிழியச் சொன்னார்; அது சும்மா இருந்தது. பிறகு சாக்கைத் தலைகீழாகக் கொட்டினார்கள். ஒவ்வொரு துண்டிலும் அவள் இழுத்த அரக்கோடு இருந்தது. உயர்ந்த சரக்கு என்பதற்கு அதுதான் அடையாளம். ஏறக்குறைய அந்த அடையாளம் இருந்த இடத்திலெல்லாம் நுரைத்தது. நுரைக்காதவை இரண்டோ மூன்றோதான். அவை கனம் கொஞ்சம் கூடியவை, லேசானவற்றோடு சேர்க்கலாமா என்று தயங்கி அவள் அரை மனதோடு சேர்த்தவை.

குறட்டைப் பிடித்திருந்தவன் அதை மெல்லத் தரையில் வைத்துவிட்டு, தள்ளிப் போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

“வூட்டுக்குப் போம்மா,” என்றார் பக்தவச்சலம். குரலில் கோபமில்லை. “நீ ஓடியாந்தத நான் மறக்கமாட்டேன். ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா நெனச்சிக்காத. இனிமே உன் கைய நம்பி ஒரு ஆணிகூட வாங்கமாட்டேன்.”

“வாங்காதிய,” என்றாள் இசக்கியம்மாள்.

அவர் மறக்கவும் இல்லை, வாங்கவும் இல்லை. செய்தி பரவியது. தவசிமுத்து சொன்னபடியே, கை பார்த்த சரக்குக்கு ஆள் வருவது நின்றது. அதற்காக அவர் அவளை ஒரு சொல் சொன்னதாகத் தெரியவில்லை. ஆனால் வெகுநாள்வரை அவளிடம் சாப்பாட்டுக்கு அப்பால் பேசவும் இல்லை.

குணசேகரனின் இடது கண்ணில் கட்டவிழ்த்தபோது பார்வை இருந்தது. வலது கண் வரவில்லை. அன்று இசக்கியம்மாள் ஆஸ்பத்திரியில் அவன் கட்டிலருகே இருந்தாள். தாயம்மா கால்மாட்டில் உட்கார்ந்து வாயைச் சீலையால் பொத்திக்கொண்டிருந்தாள். ஈர மண்ணைப் போட்டது தன் குற்றம் என்று போலீஸ்காரர் சொன்னதை அவன் அதற்குள் கேட்டிருந்தான். அதை நம்பியும் இருந்தான்.

“நான் பதறிட்டேன் யக்கா. காஞ்ச மண்ணா பாத்து அள்ளிருக்கணும்.”

“நீ ஒண்ணும் தப்பாச் செய்யல. எந்த உலைக்காரனும் அததான் செய்வான். நான் குடுத்த துண்டு அலுமினியமே இல்ல. போலீஸ்காரருகிட்டயும் போய்ச் சொல்லிட்டேன். எங்க வீட்டுக்காரவுகளும் கூட வந்தாவ.”

அவன் ஒற்றைக் கண்ணால் அவள் இருந்த பக்கம் தேடினான்.

“அப்போ நான் செஞ்சது சரிதானா?”

“சரிதான்.”

“சரியா செஞ்சும் இப்டியா யக்கா?”

இதற்கு அவள் என்ன சொன்னாள் என்பது தெரியவில்லை. தாயம்மாவைக் கேட்டால், அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்பாள்.

உலை வேலைக்கு அவன் திரும்பவில்லை. ஒற்றைக் கண்ணனுக்கு மூசையின் தூரம் பிடிபடாது. கடையிலேயே, பிரிக்கும் இடத்தில், இசக்கியம்மாளுக்கு எதிரே உட்கார்ந்தான். இருவருக்கும் நடுவில் புளித்த காடி நிரப்பிய ஒரு புட்டி இருந்தது. எலுமிச்சை கட்டுபடியாகாமல் அதற்கு மாறினார்கள். வெள்ளையாக வந்த எந்தத் துண்டையும் அவள் அரத்தால் இழுத்துக் கொடுப்பாள். அவன் ஒரு சொட்டு விட்டுக் குனிந்து பார்ப்பான். பக்தவச்சலம் திருப்பி அனுப்பிய அந்தச் சாக்கு பின்கட்டில் ஒரு தகர டிரம்மில் மூடிக் கிடந்தது. நல்ல விலை சொல்லிக் கேட்டு வந்தவர்கள் உண்டு. இன்னொருவன் உலைக்குப் போகாது என்று எப்படி நம்புவது என்று அவள் கொடுக்க மறுத்தாள். ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஒழுகாத மூலையாகப் பார்த்து அதை நகர்த்துவார்கள்.

ஒருநாள், கடையில் வேறு யாரும் இல்லாதபோது, குணசேகரன் ஒரு துண்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

“காடி வாணாம் யக்கா. முன்ன மாரி சொல்லேன் பாப்போம். இது இன்னா?”

அவள் கை பழக்கத்தால் ஒருமுறை மேலே எழுந்தது. பாதியிலேயே நின்றது. துண்டைக் கீழே வைத்துவிட்டு, புட்டியை எடுத்து அவன் பக்கம் நகர்த்தினாள்.

“நீ பாத்துச் சொல்லு,” என்றாள்.